யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கிறவருக்கும் படம் கீறுகிறவருக்கும் வழி இருக்கிறதா?

யூன் 8: வந்த கேள்வி

நான் கோண்டாவில். இரண்டு குறும்படம் எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சி மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்து படம் கீறுகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கே ஒன்றும் நடக்கப்போவதில்லை என்றுதான் தெரிகிறது. விழா, கண்காட்சி, உதவிப்பணம் எல்லாம் கொழும்பில் தொடங்கிக் கொழும்பிலேயே முடிந்துவிடுகிறது. இங்கே இருந்துகொண்டு ஏதாவது செய்ய வழி உண்டா? இல்லை, கனடா போகிற அலுவலைப் பார்க்கவா?

யூன் 8, இரவு: என் பதில்

கனடா போனாலும் கலியாண வீட்டு வீடியோதான் எடுப்பீர்கள் தம்பி. அதை இங்கேயே எடுக்கலாம்.

பகிடி கிடக்கட்டும். ஒன்றும் நடக்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 2015இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. இயக்குநர் அனோமா ராஜகருணா, நடத்தியது அஜெண்டா 14 என்ற அமைப்பு. கொழும்பு விழா ஒன்றின் கிளையாக இல்லாமல், இங்கே வைத்து நடத்துவதற்கென்றே தொடங்கிய விழா அது. முதற்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் போட்டிப் பிரிவு வைத்தார்கள். உங்கள் இரண்டு படத்தில் எதையாவது அங்கே அனுப்பினீர்களா? அதை முதலில் சொல்லுங்கள், மீதியைப் பிறகு கதைப்போம்.

யூன் 9, காலை

அனுப்பவில்லை என்கிறீர்கள். இரண்டும் யூரியூப்பில் கிடக்கின்றன என்கிறீர்கள். இது எங்கள் ஊர் வழக்கம்.

படம் முடிந்த உடனே மண்டபம் எடுக்கிறோம். மங்கல விளக்கு, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், ஆளுக்கொரு பொன்னாடை. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பேச்சு. அன்றிரவே இணையத்தில் ஏற்றி, வெளிநாட்டில் இருக்கிற மச்சான்மாருக்கு எல்லாம் அனுப்புகிறோம். அவர்கள் கட்டைவிரல் போடுகிறார்கள். அடுத்த கிழமை அந்தப் படத்தைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை.

வெளிநாட்டு விழாக்கள் பலவற்றின் விதிகளில், இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி விட்ட படத்தை எடுக்கமாட்டோம் என்று இருக்கும். சில விழாக்கள் தங்கள் நாட்டில் அல்லது தங்கள் பிராந்தியத்தில் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்கவேண்டும் என்றும் கேட்கும். ஆகவே படத்தை ஒரு வருடமாவது பூட்டி வைக்கவேண்டும். விமியோ போன்ற இடத்தில் கடவுச்சொல் போட்டு ஏற்றினால் தெரிவுக்குழு அந்த இணைப்பில் பார்த்துக்கொள்ளும். விழாச் சுற்று முடிந்த பிறகு யூரியூப் எங்கே ஓடப்போகிறது?

ஊரில் மண்டபத்தில் காட்டலாமா என்றால், பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் அனுப்பப்போகிற விழாவின் விதியை வாசித்துவிட்டுக் காட்டுங்கள்.

யூன் 9, பின்னேரம்

“ஏற்றியதை இறக்கிவிட்டால் தெரியவா போகிறது?”

விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் எங்கே காட்டப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உண்மையை எழுதுங்கள். இணையத்தில் வந்திருந்தாலும் பரவாயில்லை என்கிற விழாக்களும் இருக்கின்றன, அவற்றுக்கு அந்த இரண்டையும் அனுப்பலாம். மூன்றாவது படத்தைப் பொத்தி வையுங்கள்.

யூன் 14

“கலியாண வீடு எடுக்கிறவன் இயக்குநர் ஆகலாமா?” என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ஸ்ரூடியோவில் எடிற்றிங் செய்கிறவன். கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் எனக்குச் சோறு போடுகின்றன, ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

இந்த ஊரின் திரைப்படக் கல்லூரி கலியாண வீடுதான். கோயில் மூலையில் ஒரு விளக்கு வெளிச்சத்தில் முகத்தைக் கூர்மையாகப் பிடிக்கப் பழகுவது அங்கே. தாலி கட்டு ஒருமுறைதான், ‘இன்னொருக்கால் கட்டுங்கோ’ என்று சொல்லமுடியாது. ஐயருக்கும் மாமாவுக்கும் இடையில் புகுந்து, ஒருவர் காலையும் மிதிக்காமல் இடம் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஆவணப்படம் எடுப்பது பெரிய வேலை இல்லை. கருவிகளும் அப்படித்தான். வெளிநாட்டுக் காசில் நடக்கிற கலியாணங்கள் இல்லாவிட்டால் இங்கே இத்தனை நல்ல கமராவும் ட்ரோனும் வந்திருக்காது.

ஆனால் அதே கலியாண வீடு எங்களைக் கெடுத்தும் வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் மெதுவோட்டம், எதற்கு மேலும் பாட்டு. பாட்டுப் போடுவதால் சத்தம் பதிவது பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. இலட்சக் கணக்கில் கமரா இருக்கும், ஒழுங்கான ஒரு மைக் இராது. பிறகு குறும்படம் எடுக்கும்போது பாத்திரங்கள் பேசவேண்டி வருகிறது. பேசினால் மின்விசிறி கேட்கிறது, காகம் கேட்கிறது, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி கேட்கிறது. சரி, பின்னணிக் குரல் போடுவோம் என்று அறைக்குள் வைத்துப் பதிகிறோம். முற்றத்தில் நிற்கிற அம்மா கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல வருகிறது.

என்னிடம் எடிற்றிங்குக்கு வருகிற குறும்படங்களில் படத்தால் தோற்றவை மிகக் குறைவு. தோற்கிறவை பெரும்பாலும் சத்தத்தால்தான். தெரிவுக்குழுவில் இருக்கிறவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடிய சில வேலைகள். ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வாடகைக்காவது எடுத்து, பேசுகிறவருக்குக் கிட்ட வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் ஒருவரும் கதைக்காமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறுஞ்சத்தத்தைப் பதியுங்கள். எடிற்றிங்கில் வெட்டுக்கு வெட்டுச் சத்தம் மாறுவதை மூட அதுதான் கைகொடுக்கும். வீட்டுக்குள் எடுப்பதானால் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வையுங்கள். இல்லாவிட்டால் அதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள், அடுத்த நாள் அந்த வீட்டு அம்மா பழுதான மீனோடு வாசலில் நிற்பார்.

யூன் 14, பிற்சேர்க்கை

கமராவை 25 பிரேமில் வைத்துத்தான் எல்லாரும் கலியாணம் எடுக்கிறோம். திரையரங்குக்கான டிசிபி கோப்பின் வழமையான வேகம் 24. படம் எடுக்கத் தொடங்க முதலே 24இல் வைத்துவிட்டால் கடைசியில் தலையிடி இல்லை. டிசிபி செய்யக் கொழும்புக்கு ஓடவும் தேவையில்லை, டிசிபி-ஓ-மற்றிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டுக் கொம்பியூட்டரிலேயே செய்யலாம். பழைய கொம்பியூட்டர் என்றால் இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம்.

யூன் 17

உபதலைப்புப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் கட்டாயம். சிங்களமும் போடமுடிந்தால் போடுங்கள், தெற்கில் இருந்து வருகிற பார்வையாளர் அப்போதுதான் முழுப் படத்தையும் பார்ப்பார். படத்தின் மேலேயே எரித்துவிடாமல் தனி எஸ்ஆர்ரி கோப்பாகவும் வைத்திருங்கள். ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

எங்கள் படங்களில் எல்லாரும் வெள்ளை வேட்டி. அதன் மேல் வெள்ளை எழுத்து. கறுப்பு விளிம்பு கொடுக்க ஒரு நிமிடம் செல்லாது.

யூன் 22

தங்கச்சியின் விஷயத்துக்கு வருவோம். அவவை மறந்துவிட்டு நாங்கள் படக்காரர் மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இடம் இல்லை என்பது பாதி உண்மை. ஓவியத்துக்கென்றே வெளிச்சம் பார்த்துக் கட்டிய கூடம் இங்கே அரிது. ஆனால் மாட்ட இடம் இருக்கிறது. பிரதான வீதியில் திருமறைக் கலாமன்றம், 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கியது, கூத்துக்கும் நாடகத்துக்கும் பேர் போனது என்றாலும் ஓவியத்துக்கும் இடம் கொடுத்துவந்த அமைப்பு. அவர்களின் ‘கலைமுகம்’ சஞ்சிகையையும் பாருங்கள். அலியான்ஸ் பிரான்சேஸ் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, சிறிய திரையிடலுக்கும் கதைத்துப் பார்க்கலாம். பொது நூலகம், பல்கலைக்கழகத்துக் கைலாசபதி கலையரங்கு, வீரசிங்கம் மண்டபம். இவை எல்லாம் பழக்கமான பெயர்கள்தான். 2023இல் மக்களுக்குத் திறந்த பண்பாட்டு மையம் இருக்கிறது, இந்திய உதவியில் நூலகத்துக்குப் பக்கத்தில் கட்டியது. பெயர் மாறி, சண்டை வந்து, திரும்ப மாறி, இப்போது யாழ்ப்பாணம் திருவள்ளுவர் பண்பாட்டு மையம். 600 இருக்கை அரங்கு. பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு 600 இருக்கை தேவையா என்றால், பொன்னாடைகளை வைக்க உதவும்.

எனக்கு உண்மையில் வேண்டியது நாற்பது பேர் இருக்கக்கூடிய, ஜன்னலை மூடினால் இருட்டாகிற ஓர் அறை. மாதம் ஒருமுறை அங்கே ஒரு படம், சுவரில் ஒருவருடைய ஓவியம், பார்த்த பிறகு தேத்தண்ணி. பேச்சாளர் இல்லை. பெரிய மண்டபம் கட்டுவதற்குத் திறப்பு விழா வைக்கலாம், இதற்கு வைக்கமுடியாது. ஆகவே ஒருவரும் கட்டித்தரமாட்டார்கள், நாங்கள்தான் யாருடையவாவது வீட்டு விறாந்தையைப் பிடிக்கவேண்டும்.

யூன் 23

“தங்கச்சி என்ன அனுப்பவேண்டும், எப்படி அனுப்பவேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கோ அண்ணை.”

சரி. பத்துப் பன்னிரண்டு வேலைகளின் நல்ல படங்கள், ஒரு பிடிஎஃப் கோப்பில். ஒவ்வொன்றுக்கும் கீழே தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு சென்ரிமீற்றரில். அரைப் பக்கத்துக்குத் தன் வேலையைப் பற்றி அவவே எழுதியது. ஒரு பக்க விபரக் கோவை. இவ்வளவும் எப்போதும் தயாராக இருக்கவேண்டும். அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் இறுதித் திகதிக்கு முதல் நாள் மின்வெட்டு வரும், இது எழுதப்படாத விதி.

ஓவியத்தைப் படம் எடுக்கும்போது கண்ணாடிச் சட்டத்தோடு எடுக்காதீர்கள். தங்கச்சி அனுப்பிய ஒன்றில் படத்தை விட உங்கள் சட்டையும் பின்னால் நிற்கிற முருங்கை மரமும்தான் வடிவாகத் தெரிகின்றன. சட்டத்தைக் கழற்றி, காலை எட்டு ஒன்பது மணிக்கு விறாந்தை நிழலில் நேராகச் சுவரில் சாத்தி, கமராவை ஓவியத்தின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். உங்களிடம் கமரா இருக்கிறதே, இதைக்கூடத் தங்கச்சிக்குச் செய்து கொடுக்காமலா இவ்வளவு நாளும் இருந்தீர்கள்?

இன்னொன்று. தட்டச்சுக் கடையில் கொடுத்துப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த விபரக் கோவையை இணைய விண்ணப்பத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோட்டில் அடியுங்கள். இந்த ஒரு காரணத்தால் தமிழில் எழுதிய நல்ல விண்ணப்பம் வாசிக்கப்படாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். மறுபக்கத்தில் இருந்தவர், பிழையான கோப்பு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

யூன் 25

கலா பொல பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், நன்றி. ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இல் இருந்து கொழும்பில் நடத்துகிற திறந்தவெளி ஓவியச் சந்தை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் தெரு ஓரமாகப் படங்களை அடுக்கி, கலைஞரே நின்று விற்பது. கூடம் பிடிக்கத் தேவையில்லை, இடையில் தரகரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவருக்கு இருக்கிற பெரிய கேள்வி, படத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான்.

ரயிலில் சட்டத்தோடு கொண்டுபோனால் ஒரு மூலையாவது உடையும். கன்வஸைச் சட்டத்தில் இருந்து கழற்றிச் சுருட்டுங்கள், வர்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கவேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வர்ணம் நசிந்து வெடிக்கும். இடையில் மெல்லிய கடதாசி. பிறகு தண்ணீர்க் குழாய் விற்கிற கடையில் அகலமான பிவிசி குழாய் ஒன்றும் இரண்டு மூடியும். மழைக்கும் பயமில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் ‘கிணறு அடிக்கிறீங்களோ’ என்று கேட்பார்கள், ஓம் என்று சொல்லிவிடுங்கள், விளக்கம் கொடுக்கிறதைவிடச் சுகம்.

வர்ணம் நன்றாகக் காயாத எண்ணெய் ஓவியத்தைச் சுருட்டவே வேண்டாம்.

யூலை 3

நேற்று ஒருவர், “யாழ்ப்பாணத்துக் கலைஞர் யார் வெளியில் போய் நின்றிருக்கிறார்?” என்று எழுதினார். தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கிறவர். 2016இல் கேரளத்தின் கொச்சி பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சியில் அவருடைய வேலை இருந்தது. நூலகங்களில் அட்டை வைக்கிற மர இழுப்பறை போன்ற அமைப்பு, ஒவ்வொரு அட்டையிலும் போர்க் காலத்தைத் தாண்ட மனிதர்கள் கையாண்ட பொருள்களின் கதை. பார்ப்பவர் இழுப்பறையைத் தானே இழுத்துப் பார்க்கவேண்டும். எங்கள் வீடுகளில் எல்லாரும் கதைக்கிற விஷயம்தான். சவர்க்காரம் இல்லாத காலம், மின்சாரம் இல்லாத காலம் என்று. அதைப் பொறுமையாகக் கேட்டு, சேர்த்து, ஒழுங்கான வடிவத்தில் வைத்தார். சமகாலக் கலைக்கும் கட்டடக் கலைக்கும் வடிவமைப்புக்குமான ஆவணக் காப்பகம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் உருவாக்கியதும் அவர்தான். இங்கே முன்பு கண்காட்சி நடந்ததா இல்லையா என்று வாதிடுகிறவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

ஆவணம் என்றவுடன் மாற்கு மாஸ்ரர் ஞாபகம். 1933இல் பிறந்து 2000இல் இறந்தார். போர் நடக்கும்போதே இங்கே ஒரு தலைமுறைக்குப் படம் கீறச் சொல்லிக்கொடுத்த மனிதர். 1995 இடப்பெயர்வில் இந்த ஊரின் எத்தனை வீட்டுச் சுவரில் இருந்து எத்தனை ஓவியம் போனது என்று கணக்கே இல்லை. புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் படமாவது மிஞ்சியிருக்கும். நூலகம் நிறுவனம் 2005இல் இருந்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவருகிறது. பழைய கண்காட்சிக் கையேடு, அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம் வீட்டில் கிடந்தால் குப்பைக்குப் போட முதல் அவர்களிடம் கேளுங்கள்.

யூன் 23இல் நான் சொன்ன பிடிஎஃப் கோப்பை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

யூலை 11

காசு. எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பகுதி இதுதான் என்று தெரியும்.

ஊரில் முதல் படி பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர். சிரிக்காதீர்கள். கலைஞராகப் பதிவு செய்து வைத்தால் போட்டி, மலர், விழா, விருது பற்றிய அறிவித்தல் உங்களுக்கும் வரும். பெரிய காசு இராது. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் ‘பெற்ற பரிசுகள்’ என்ற கட்டத்தில் எழுத ஏதாவது வேண்டுமே. இளைஞர்களுக்குத் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் போட்டிகளும் உண்டு.

மேற்படிப்பென்றால் இந்திய அரசின் ஐசிசிஆர் புலமைப்பரிசில். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத்தூதரகம் 2010இல் இருந்து இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

வெளியே: நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளவுஸ் நிதியம் தொழிலின் தொடக்கத்தில் இருக்கிற கலைஞர்களுக்கு ‘சீட்’ என்றொரு விருது வைத்திருக்கிறது. 5,000 யூரோ. ஓவியருக்கும் பொருந்தும், படக்காரருக்கும் பொருந்தும். ரொட்டர்டாம் விழாவின் ஹ்யூபேர்ட் பால்ஸ் நிதி முழுநீளக் கதைப்படத்துக்கு. ஆவணப்படம் என்றால் ஆம்ஸ்ரடாமின் இட்ஃபா ஆவணப்பட விழாவின் பேர்த்தா நிதி. இவை இரண்டும் உலகம் முழுவதும் போட்டி போடுகிற இடங்கள், முதல் குறும்படத்தோடு போய்க் கதவைத் தட்டவேண்டாம். பக்கத்தில் பார்த்தால் காத்மண்டுவில் 1997இல் தொடங்கிய பிலிம் சவுத் ஏசியா, தென்னாசிய ஆவணப்படங்களுக்கு மட்டுமான விழா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கேரளத்தில் திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழா. எங்கள் பிரச்சினை தெரிந்த பார்வையாளர் என்றால் இந்த இரண்டும்தான் என் முதல் தெரிவு. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிற காலத்தில், தெரிவானால் கொழும்பைத் தொடாமலே போய்வரலாம். கேள்வி கேட்ட தம்பிக்கு இது கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

உதவிப்பணம் கிடைத்தால் பற்றுச்சீட்டு. வாடகை வானுக்கும் சமைத்துக்கொடுத்த அம்மாவுக்கும் பற்றுச்சீட்டு. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, காசைத் திருப்பி உங்கள் கையிலேயே வைப்பார். அதற்கு எந்தக் கணக்கு நிரலும் இல்லை.

யூலை 12

ஒருவர் தன் படம் ‘பதினான்கு சர்வதேச விருதுகள்’ வென்றதாகப் போஸ்ரர் போட்டிருக்கிறார். வாழ்த்துகள். ஆனால் மற்றவர்கள் கவனியுங்கள். மாதாமாதம் இணையத்திலேயே நடந்து, டொலரில் கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுப்பியவர்களில் பாதிப் பேருக்குப் போஸ்ரரில் போடுகிற இலை வளையம் அனுப்புகிற விழாக்கள், விழாக்களுக்குப் படம் அனுப்புகிற பில்ம்ஃபிரீவே இணையத்தளத்தில் மலிந்து கிடக்கின்றன. திரையிடல் எந்த அரங்கில், தெரிவுக்குழுவில் யார், போன வருடம் என்ன படங்கள் காட்டினார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு ஒரு மைக் வாங்குங்கள்.

நல்ல விழாக்களிலும் கட்டணம் உண்டு. இலங்கையில் இருந்து அனுப்புகிறேன், கட்டணத்தைத் தள்ளுபடி செய்வீர்களா என்று இரண்டு வரியில் மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே இருந்து இறுதித் திகதியை விட்டுவிடுவார்கள்.

யூலை 27

அனுமதி. கோட்டைக்குள் எடுப்பதானால் தொல்லியல் திணைக்களம். ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, கலியாணத்துக்கு ஒருவரும் கேட்கவில்லை என்பதற்காகப் படத்துக்கும் கேட்கமாட்டார்கள் என்று இருக்கவேண்டாம். மக்களுக்குப் பொதுவில் காட்டுவதென்றால் தணிக்கைச் சபை, 1912ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கூட வருகிறது. கடற்கரையில் கமராவை வைத்தால் யாராவது வந்து யார், எங்கே என்று கேட்பார்கள். கடிதம் ஒன்றைச் சிங்களத்திலும் அடித்து மடித்துப் பையில் வைத்திருங்கள்.

கடற்கரை என்றதும் சொல்லிவிடுகிறேன். பனைமரத்துக்குப் பின்னால் சூரியன் விழுகிற காட்சி, கூரை இல்லாத வீடு, அதற்குள் நடந்துபோகிற கால், சுவரில் ஒரு பழைய புகைப்படம். இவை நான்கும் இல்லாத யாழ்ப்பாணக் குறும்படம் ஒன்று என் மேசைக்கு வந்தால் எடிற்றிங் கூலியில் பாதியைக் குறைக்கிறேன். ஒரு தனியார் வகுப்பு வாசலில் பிள்ளைகள் நிற்கிறதை எடுங்கள். மினிபஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசு கொடுக்காமல் கதை விடுகிறதை எடுங்கள். நல்லூர் முடிந்த அடுத்த நாள் வீதி கூட்டுகிறவர்களை எடுங்கள்.

ஆகஸ்ட் 12

நல்லூர்க் காலம். வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள், ஓவியம் விற்க இதுதான் நல்ல நேரம். விற்கப்போவது என்ன என்றால், பெரும்பாலும் கோபுரமும் காலமான அப்பா அம்மாவின் உருவப்படமும்தான். தங்கச்சி இதைக் கேட்டு முகம் சுளிப்பா என்று தெரியும். எனக்குக் கலியாண வீடு எப்படியோ அவவுக்கு இது அப்படி. உருவப்படத்தில் வருகிற காசில் தனக்கு வேண்டியதைக் கீறலாம். பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருக்கிற வருடங்களில் கையைச் சும்மா வைத்திருந்தால் அது திரும்பப் பழக நாள் எடுக்கும்.

கண்காட்சி வைப்பதானால் வாடைக்கு முதல் வையுங்கள். கார்த்திகை மார்கழியில் சுவர் வியர்க்கும், கடதாசி வேலை எல்லாம் அலை அலையாகச் சுருங்கும், சனமும் வராது.

விலையைப் பற்றி: வர்ணம், கன்வஸ், சட்டம், நாட்கூலி எல்லாம் கூட்டிப் போடுங்கள், போட்ட விலையை வந்தவர் யார் என்று பார்த்து மாற்றாதீர்கள். ‘எங்கடை பிள்ளைதானே, சும்மா ஒன்று தாவன்’ என்று கேட்கிற சொந்தக்காரருக்கு அஞ்சலட்டை அளவில் அச்சுப்படம் கொஞ்சம் அடித்து வைத்திருங்கள். அவருக்கும் சந்தோஷம், ஓவியமும் தப்பும்.

ஆகஸ்ட் 30

ஒரு பெரியவர் ராணி, வெலிங்டன், வின்சர், மனோகரா, ரீகல் என்று பழைய தியேட்டர்களை எல்லாம் வரிசையாக எழுதி, ‘அந்தக் காலம் வராது’ என்று முடித்திருக்கிறார். வராதுதான் ஐயா. ஆனால் அந்தக் காலத்திலும் அந்தத் திரைகளில் ஓடியது பெரும்பாலும் சென்னைப் படங்கள். நாங்கள் பார்த்தோம், எடுக்கவில்லை. எடுத்தவற்றில் ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால் 1977இல் வந்த ‘பொன்மணி’. எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்கள இயக்குநர். யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பிக்க வந்தவர், இங்கேயே வைத்து இங்கேயுள்ள ஆட்களோடு தமிழில் எடுத்தார். பல்கலைக்கழகமும் ஊரும் படக்காரரும் ஒரு இடத்தில் சந்தித்தால் ஒரு படம் வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி. 2015இல் விழா தொடங்கியபோது பல்கலைக்கழகத்து நுண்கலைத் துறையும் அதில் சேர்ந்திருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது அதனால்தான்.

விழா நாட்களில் நான் காண்கிற குறை ஒன்று. தன் படம் காட்டுகிற மணித்தியாலத்துக்கு மட்டும் நண்பர்களோடு வந்து, முடிந்த உடனே எல்லாரும் எழும்பிப் போகிறார்கள். அடுத்த படம் ஈரானில் இருந்தோ நேபாளத்தில் இருந்தோ வந்திருக்கும், அரங்கு காலி. அந்தப் படத்தை எடுத்தவர் சில நேரம் பின் வரிசையில் இருப்பார். உங்களுக்கு வேண்டிய ஒளிப்பதிவாளரும் அடுத்த விழாவின் தெரிவாளரும் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள். அவரோடு தேத்தண்ணி குடிக்கப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை.

செப்ரெம்பர் 14

தம்பி, நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தை வாசித்தேன். ‘மனித உணர்வுகளின் ஆழத்தைத் தொடும் யதார்த்தப் படைப்பு’ என்று தொடங்குகிறது. இதை வாசிக்கிறவர் அன்றைக்கு நூறு சுருக்கம் வாசிக்கிறார், எல்லாவற்றிலும் மனித உணர்வும் ஆழமும் இருக்கும். உங்கள் படத்தில் என்ன நடக்கிறது? சங்குப்பிட்டிப் பாலத்தில் இறால் பிடிக்கிற ஒருவர், வெளிநாட்டுக்குப் போன மகன் அனுப்பிய தொலைபேசியை இயக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பாடம் கேட்கிறார். அதை எழுதுங்கள். மூன்று வரி போதும்.

சத்தம் திருந்தியிருக்கிறது. ஏழாவது நிமிடத்தில் அந்த மோட்டார் சைக்கிள் போகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, புது இணைப்பைக் கடவுச்சொல்லோடு அனுப்புங்கள். தங்கச்சியின் பிடிஎஃப் கோப்பில் நாலாவது படத்துக்கு அளவு போடவில்லை. எட்டாவது தலைகீழாக இருக்கிறதா, அப்படித்தான் கீறினவவா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

செப்ரெம்பர் 15

அப்படித்தான் கீறினவவாம். சரி.